திருப்புளியா, சர்வீஸ் சென்டரா, புதுசா?

வீட்டில் ஒரு சாதனம் நின்றுபோனால் மூன்று வழிகள்தான். நாமே திறந்து பார்க்கலாம், கடையில் கொடுக்கலாம், இல்லை தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம். பெரும்பாலும் செலவை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். என்னைக் கேட்டால் அந்தக் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, பழுது எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். அது தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்த மாதிரிதான்.

சீலிங் ஃபேனை எடுத்துக்கொள்வோம். சுவிட்சைப் போட்டால் முனகுகிறது, ஆனால் சுற்றவில்லை. ஒரு குச்சியால் இறக்கையை லேசாகத் தள்ளினால் சோம்பேறித்தனமாகக் கிளம்புகிறது. இப்படி இருந்தால் பெரும்பாலும் கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைத் தேக்கி மோட்டாரைக் கிளப்பிவிடும் பாகம், வலுவிழந்திருக்கும். மெயினை அணைத்து, மேலே கம்பியை மூடியிருக்கும் கிண்ணத்தை இறக்கினால் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு பெட்டி தெரியும். அதன் மேலேயே 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்பதுபோல எழுதியிருக்கும். ஒயர்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதே அளவில் புதியதை மாட்ட வேண்டியதுதான். காற்று கூடுதலாக வரட்டுமே என்று பெரிய அளவைப் போட்டால் மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள் (காயில்) சூடேறிவிடும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாகிவிடும். இதையே கடைக்குக் கொண்டுபோவதென்றால் ஃபேனைக் கழற்றி இறக்கும் வேலைதான் பெரியது. புதிது வாங்கினாலோ, நல்ல நிலையில் இருக்கும் செம்புக் காயில், பேரிங், அலுமினிய இறக்கை எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடும். ஆகவே ஃபேன் நம் கைக்குரிய வேலை.

இஸ்திரிப் பெட்டியும் அப்படித்தான். சூடாகவில்லை என்றதும் உள்ளே ஏதோ எரிந்துவிட்டது என்று நினைக்கிறோம். ஒயர் பெட்டிக்குள் நுழைகிற கழுத்தைப் பாருங்கள். தினமும் மடங்கி மடங்கி உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும், மேலே ரப்பர் மட்டும் முழுசாக இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டர் என்ற மின் சோதனைக் கருவியை, இணைப்பு இருந்தால் 'பீப்' ஒலிக்கும் நிலையில் வைத்து, அதன் இரண்டு முனைகளையும் ஒயரின் இரு தலைகளிலும் வைத்து ஆட்டிப் பாருங்கள். 'பீப்' விட்டு விட்டு வந்தால் கோளாறு அங்கேதான்.

எல்இடி பல்பு விஷயத்தில் நான் தோற்றுவிட்டேன். உள்ளே சில்லுகள் வரிசையாகக் கோத்திருக்கும். ஒன்று கருகினால் அந்த வரிசை முழுக்க அணைந்துவிடும். அதைத் தாண்டி இணைத்தால் எரியும்தான், ஆனால் மிச்சச் சில்லுகள் மேல் பாரம் ஏறி அவையும் சீக்கிரம் போய்விடும். கற்றுக்கொள்ள நல்ல விளையாட்டு, மற்றபடி புதிது வாங்குங்கள்.

டிவிக்கு வந்தால் கதை மாறுகிறது. உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் போர்டில் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் கண்ணுக்கே தெரியும். சூட்டில் உள்ளே காய்ந்துபோனதன் அடையாளம் அது. பொருள் சின்னதுதான், ஆனால் 230 வோல்ட்டில் ஓடும் டிவியின் பெரிய கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். இங்கே கடைதான் சரி. ஆனால் எந்தக் கடை? போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்பவரிடம் போனால், உருளை வடிவில் இருக்கும் ஒரு சின்ன கெப்பாசிட்டருக்காக ஒரு முழு போர்டு குப்பைக்குப் போகும். சால்டரிங் (ஈயப் பற்றவைப்பு) செய்து பார்ட்ஸ் மாற்றுபவரைத் தேடுங்கள். மாற்றிய பழைய பார்ட்டைத் திருப்பிக் கேளுங்கள். கூச்சமே வேண்டாம்.

லேப்டாப்பில் ஃபேன் தூசி, ரேம், எஸ்எஸ்டி வரை துணிந்து கை வைக்கலாம். அதற்கு மேல் போய் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். கீபோர்டை இணைக்கும் ரிப்பன் கேபிளுக்கு (நாடா மாதிரித் தட்டையான ஒயர்) ஒரு குட்டித் தாழ்ப்பாள் உண்டு, அதை நிமிர்த்திவிட்டுத்தான் உருவ வேண்டும். தெரியாமல் இழுத்தேன், தாழ்ப்பாள் நகத்துணுக்கு மாதிரி தெறித்துவிட்டது. கடைசியில் கடைக்காரர்தான் காப்பாற்றினார். பேட்டரி உப்பியிருந்தால் நெம்பவே நெம்பாதீர்கள். லித்தியம் பேட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடித்துவிடும்.

மைக்ரோவேவ் அடுப்பைப் பற்றி ஒரே வார்த்தை: திறக்காதீர்கள். உள்ளே 2,000 வோல்ட் அளவில் வேலை செய்யும் கெப்பாசிட்டர் இருக்கிறது, ஆளையே கொன்றுவிடும்.

புதிது வாங்குவதை நான் வெறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். போன், லேப்டாப் போன்றவற்றால் சுற்றுச்சூழலுக்கு ஏற்படும் சேதத்தில் பெரும்பங்கு, நாம் முதல் தடவை ஆன் செய்வதற்கு முன்பே, தயாரிப்பிலேயே முடிந்துவிடுகிறது. அவற்றை எத்தனை வருடம் இழுத்தாலும் லாபம்தான். ஃபிரிட்ஜ் நேர்மாறு. அது இரவு பகலாக மின்சாரம் குடிக்கிறது. கதவு ரப்பர் தளர்ந்திருந்தால் நீங்களே மாற்றுங்கள். ஆனால் ரொம்பப் பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் போய்விட்டதென்றால், மின்சாரத்தைக் குறைவாகத் தின்னும் புதியதே குறைந்த சேதம். பழையதை முறையாகச் சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த இடத்தில்தான் உலகமே கோட்டைவிடுகிறது. ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2022-இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம் மட்டுமே.

தனியாகத் திறக்கப் பயம், கடையில் கொடுக்கவும் மனமில்லை என்பவர்களுக்கு நான்காவதாக ஒரு வழி உண்டு. 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி தொடங்கிய ரிப்பேர் கஃபே. பழுதான பொருளோடு போய் உட்கார்ந்தால், தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பார், திருப்புளி நம் கையில் இருக்கும். இந்த ஏற்பாடு இன்று பல நாடுகளில் நடக்கிறது. அப்படி ஒருவர் என் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த ரிப்பன் கேபிள் தாழ்ப்பாள் தப்பியிருக்கும்.