பருப்பு வேகாத தண்ணில தலை அலசலாமா? வெறும் தண்ணி, ஷாம்பு, சீயக்காய், அரப்பு

எங்க ஃப்ளாட் போர் தண்ணில துவரம்பருப்ப ஆறு விசில் விட்டாலும் கடைஞ்சா நறுக் நறுக்னு தட்டுப்படும், அதனால சமையலுக்கு கேன் தண்ணிதான், ஆனா தலைக்கு குளிக்க யாரு கேன் தண்ணிய ஊத்துவா, அதுக்கு போர் தண்ணிதான். இத ஏன் முதல்லயே சொல்றேன்னா, ஷாம்புவே வேணாம் வெறும் தண்ணில அலசுனா போதும் முடி தானா சரியாயிடும்னு சொல்றவங்க ஒருத்தர் கூட எந்த தண்ணினு சொல்றதில்ல. நான் இத ரெண்டு ஊர்ல பண்ணி பாத்துட்டேன், சென்னைல மேடவாக்கம் பக்கம் ஏழு வாரம், அப்புறம் கோயமுத்தூர்ல அம்மா வீட்டுல ரெண்டு மாசம். ஒரே தலை, ஒரே முறை, ஆனா ரெண்டு எடத்துலயும் கிடைச்சது சுத்தமா வேற வேற.

முறை என்னன்னா, குளிக்கறதுக்கு முன்னாடி காஞ்ச முடிய மர சீப்பால வேர்ல இருந்து நுனி வரைக்கும் நல்லா வாரணும், மண்டைல ஊறுற பிசுக்க முடி நீளத்துக்கும் இழுத்து விடறதுக்காக. அப்புறம் வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி, வகுடு வகுடா பிரிச்சு விரல் நுனியால, நகம் படாம, பத்து நிமிஷம் தேய்க்கணும். கடைசியா சாதா தண்ணி. முதல் ரெண்டு மூணு வாரம் பிசுபிசுன்னுதான் இருக்கும், தாங்கிக்கோங்கன்னு சொல்லுவாங்க. இதுல ஒண்ணு உண்மை, வேர்வை உப்பும் தூசியும் தண்ணிலயே போயிடும், அதுக்கு எந்த சோப்பும் வேணாம். தண்ணில கரையாதது மண்டையோட எண்ணெய்தான், அதையும் வெதுவெதுப்பான தண்ணி கொஞ்சம் இளக்கி விடும், விரல் மீதிய நகத்தி விடும், ஆனா முழுசா எடுக்காது. வெறும் தண்ணி முறையோட நோக்கமே முழுசா எடுக்க கூடாதுங்கறதுதான், கொஞ்சத்த முடிமேல பரப்பி விட்டு அதையே கண்டிஷனர் மாதிரி வச்சுக்கறது.

சென்னைல மூணாவது வாரம் தாண்டியும் பிசுக்கு போகல. எண்ணெய் வச்ச பிசுக்கா இருந்தா கூட பரவால்ல, இது மெழுகு தடவுன மாதிரி. சீப்பு பல்லுக்கு நடுவுல சாம்பல் கலர்ல ஒரு பசை சேர ஆரம்பிச்சுது, நகத்தால சுரண்டுனா மெழுகுவர்த்தி சுரண்டுன மாதிரி சுருண்டு வருது, வெந்நில ஊற வச்சாலும் கரையல. முடிய ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு இழுத்தா வழுக்கல, பிடிச்சுக்கிட்டு நிக்குது. அப்பதான் ஹீட்டர் காயில் மேல வெள்ளையா படியற அதே சுண்ணாம்பு என் தலைலயும் வேலை பாக்குதுன்னு உறைச்சுது. விஷயம் ரொம்ப சிம்பிள், மண்டை எண்ணெய்ல கொழுப்பு அமிலம் இருக்கு, உப்புத்தண்ணில கால்சியமும் மெக்னீசியமும் இருக்கு, ரெண்டும் சேந்தா தண்ணில கரையாத ஒரு பசை, குளியல் சோப்பு போட்டா பக்கெட் ஓரத்துல வெள்ளையா திரிஞ்சு நிக்குதே அதோட சொந்தக்காரன்தான். எங்க அசோசியேஷன் எடுத்த வாட்டர் டெஸ்ட்ல கடினத்தன்மை லிட்டருக்கு 700 மில்லிகிராமுக்கு மேல. குடிதண்ணிக்கு இந்திய தரநிலை சொல்ற அளவு 200, வேற தண்ணியே இல்லன்னா 600 வரைக்கும். அந்த ரெண்டாவது அளவையும் தாண்டுன தண்ணிய ஊத்தி ஊத்தி தேய்ச்சிருக்கேன்.

கோயமுத்தூர் போனப்ப அந்த தலையோடதான் போனேன். அம்மிச்சி, அம்மாவோட அம்மா, பின்னாடி உக்காந்து பின்னல பிரிச்சுட்டு, "என்ன சாமி இது, தலையெல்லாம் இப்படி பிசுக்கு புடிச்சு கெடக்குது, எண்ணெயும் வெக்கறதில்லங்கற, அரப்பும் போடறதில்லங்கற"ன்னு ரொம்ப நேரம் முடிய விரல்ல உருட்டி உருட்டி பாத்தாங்க. அங்க வர்றது சிறுவாணி ஆத்து தண்ணி, சுண்ணாம்பு ரொம்ப கம்மி. ஷாம்பு போட்டு ரெண்டு அலசு அலசி பழசெல்லாம் எடுத்துட்டு, மறுபடி முதல் நாள்ல இருந்து வெறும் தண்ணிய ஆரம்பிச்சேன். ரெண்டு வாரம் எண்ணெய் வழிஞ்சுது, மூணாவது வாரம் கொறஞ்சுது, அஞ்சாவது வாரத்துல முடி காஞ்சதும் நெளி நெளியா தனியா விழுந்துச்சு, நுனி உடையல, சீப்புல அந்த சாம்பல் பசை துளி கூட இல்ல. ஷாம்பு போட்ட அன்னிக்கி வர்ற அந்த சுத்தம் வராது, அத எதிர்பாக்கவும் கூடாது, வேர்க்கிட்ட லேசா எண்ணெய் தட்டிக்கிட்டேதான் இருக்கும். ஆனா அத தலைவாசனை வராத, சிக்கு இல்லாத, வெளிய போற மாதிரியான தலைன்னு தாராளமா சொல்லலாம்.

அதனால ஷாம்புவா வெறும் தண்ணியான்னு கேக்கறதுக்கு முன்னாடி ஒரு பாட்டில்ல பாதி தண்ணி புடிச்சு, குளியல் சோப்ப கொஞ்சம் சீவி போட்டு, மூடி குலுக்குங்க. மேல நுரை நின்னு கீழ தண்ணி தெளிவா இருந்தா மெதுத்தண்ணி, வெறும் தண்ணி முறைய முயற்சி பண்ணலாம். நுரையே இல்லாம பால் மாதிரி கலங்கி திரிதிரியா மிதந்தா விட்டுடுங்க, அந்த தண்ணில ஏழு மாசம் தேய்ச்சாலும் ஆகாது. இந்த சோதனைக்கு ஷாம்புவோ பாத்திரம் கழுவற லிக்விடோ ஆகாது, அதெல்லாம் உப்புத்தண்ணிலயும் நுரைக்கும்.

ஷாம்புவோட பெரிய பலமும் இதேதான். அது சோப்பு கிடையாது. பெரும்பாலான ஷாம்புல இருக்கற சோடியம் லாரெத் சல்ஃபேட் கால்சியத்தோட சேந்து சோப்பு மாதிரி திரியாது, ஒரு முனை எண்ணெய பிடிக்கும், இன்னொரு முனை தண்ணிய பிடிக்கும், உருண்டையா சூழ்ந்து எண்ணெய தூக்கிட்டு போயிடும். நிறைய ஷாம்பு லேபிள்ல இடிடிஏன்னு ஒண்ணு போட்டிருக்கும், அது கால்சியத்த கவ்வி வச்சுக்கற பொருள். சென்னைல என் தலைல இருந்த மெழுகு அப்படி ஒரு ஷாம்பு போட்டு ரெண்டு அலசுலதான் போச்சு. நம்ம ஊர்ல சீயக்காய் போட்டுட்டிருந்த வீட்டுக்கெல்லாம் ஷாம்பு நுழைஞ்சது சாஷே பாக்கெட்டாலதான், கடலூர்ல சின்னி கிருஷ்ணன் தொடங்கி வச்சது, அவர் மகன் ரங்கநாதன் 1983ல 15,000 ரூபாய் போட்டு ஆரம்பிச்சு சிக் ஷாம்புவா கிராமம் கிராமமா கொண்டு போனது, ஒரு கட்டத்துல பாக்கெட் 50 பைசா. பாக்கெட் தண்ணில போட்ட உடனே நுரைக்குது, இடிக்க வேணாம் அரைக்க வேணாம், வேலைக்கு போற பொம்பளைங்களுக்கு காலைல அது எவ்வளவு பெரிய உதவின்னு நான் லேசா பேச மாட்டேன்.

குறைன்னு பாத்தா, ஷாம்புவ விட நாம போடற விதம்தான் பாதி. நேரா உச்சந்தலைல ஊத்தி நுனி வரைக்கும் கசக்கறோம், நுனி முடிக்கு ரெண்டு மூணு வயசு ஆகியிருக்கும், அதுக்கு அவ்வளவு தேவையே இல்ல. மக்குல தண்ணியோட கரைச்சு மண்டைல மட்டும் ஊத்தி தேய்ச்சா வழியற நுரையே நுனிக்கு போதும். தெனமும் போட்டா நீள முடி வறண்டு போகும், அதுவும் உண்மைதான். ஆனா ஷாம்பு போட போடத்தான் மண்டை எண்ணெய் அதிகமா சுரக்குது, நிறுத்துனா அதுவும் கொறஞ்சிடும்னு ஒரு பேச்சு இருக்கே, அத நம்பி யாரும் ஆரம்பிக்காதீங்க. சுரப்ப முடிவு பண்றது ஹார்மோன். கழுவுறத பாத்துட்டு சுரப்பி கூட்டிக் கொறைச்சுக்கறதில்ல. சிறுவாணி தண்ணில எனக்கு மூணாவது வாரம் சரியானது வாரி வாரி எண்ணெய முடி நீளத்துக்கும் பரப்புனதால, அப்புறம் கண்ணுக்கும் கைக்கும் பழகிப் போனதால. சுரப்பு கொறஞ்சிருக்கும்னு நான் நினைக்கல.

பொடுகு இருக்கறவங்க வெறும் தண்ணி பக்கமே போகாதீங்க, இத எவ்வளவு அழுத்தி சொன்னாலும் தகும். பொடுகுல பங்கு இருக்கற மலாசீசியாங்கற ஈஸ்ட் மண்டை எண்ணெயத்தான் தின்னு வாழுது. அத அங்கயே விட்டு வச்சா அதுக்கு சாப்பாடு போட்ட மாதிரி. அதுக்கு கீட்டோகோனசோல் மாதிரி ஈஸ்ட்ட கட்டுப்படுத்தற மருந்து ஷாம்புதான் வழி, போட்டதும் அலசிடாம மூணுல இருந்து அஞ்சு நிமிஷம் விடணும், எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. என் தங்கச்சி என்ன பாத்து அவளும் ஆரம்பிச்சா, பத்தே நாள்ல காதுக்கு பின்னாடி செதில் செதிலா வந்து அரிச்சு புண்ணாயிடுச்சு, எனக்கு அது இன்னைக்கும் மனசுக்கு கஷ்டமாதான் இருக்கு.

இனி சீயக்காயும் அரப்பும். இது ரெண்டயும் ஏதோ பழைய காலத்து விஷயம்னு ஒதுக்கிட்டு, வெளிநாட்டுல இருந்து வந்த வெறும் தண்ணி முறைக்கு தாவறதுதான் எனக்கு புரியவே இல்ல. ரெண்டுலயும் சப்போனின் இருக்கு, இயற்கையா நுரைக்கற பொருள், எண்ணெய எடுக்கும், உப்புத்தண்ணில சோப்பு மாதிரி திரியாது. சீயக்காய் ஒரு காய், அரப்பு உசிலை மரத்து இலை. எங்க பக்கம் அரப்புதான், காய வச்ச இலைய இடிச்ச பச்சை தூள், வடிகஞ்சில குழைச்சா வழவழன்னு வரும், அந்த கஞ்சி முடிய வழுக்க வைக்கும், சிக்கு எடுக்க லேசா இருக்கும். சீயக்காய்க்கு வெயில்ல காய வைக்கணும், வெந்தயம், பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ சேக்கணும், அப்புறம் சீயக்காய்க்குன்னு தனி மெஷின் இருக்கற மில்ல தேடணும், அரைக்கறப்ப அந்த நெடில மில்லுக்காரர்ல இருந்து வரிசைல நிக்கறவங்க வரைக்கும் தும்முவாங்க. கண்ணுல பட்டா ரெண்டுமே எரியும். சரியா அலசலன்னா காஞ்சப்புறம் தோள்ல தூள் கொட்டும், பாத்ரூம் ஜல்லடைய அடைக்கும், ஹாஸ்டல்ல இருக்கறவங்களுக்கு இது நிஜமான பிரச்சனை. எண்ணெய் வைக்காத தலைக்கு சீயக்காய் கொஞ்சம் கடுமைதான், முடி கரகரன்னு ஆயிடும், அது எண்ணெய் தலைக்குன்னே இருந்த பொருள்.

எண்ணெய்னு வந்தா வெறும் தண்ணி அங்கயே தோத்துடுது. வெள்ளிக்கிழமை தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ வச்சு ஊற விடற பழக்கம் இருந்தா, எவ்வளவு நல்ல மெதுத்தண்ணியா இருந்தாலும் அது போகாது. அப்போ ரெண்டுல ஒண்ண விடணும், என்ன கேட்டா எண்ணெய விட மாட்டேன். முடி நனைஞ்சா தண்ணிய குடிச்சு ஊதும், காஞ்சா சுருங்கும், இப்படி ஊதி ஊதி சுருங்கறதுலயே பலம் போகுது, நனைஞ்ச முடிய வாரக்கூடாதுன்னு வீட்டுல சொல்றதும் இதனாலதான். தேங்காய் எண்ணெய்ல இருக்கற லாரிக் அமிலம் முடிக்குள்ளயே இறங்கி அந்த ஊதலையும் புரதம் கழியறதையும் கொறைக்குதுன்னு 2003ல மும்பை மாரிக்கோ கம்பெனி ஆய்வாளர்கள் எழுதினாங்க, சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்த குணம் இல்லன்னும் காட்டினாங்க, அவங்க தேங்காய் எண்ணெய் விக்கறவங்கதான், ஆனாலும் குளிக்கறதுக்கு முன்னாடி எண்ணெய் வச்ச என் முடி நுனிய பாத்தா எனக்கு சந்தேகம் வரல.

முடி கொட்டுதுன்னு ஷாம்புவ நிறுத்தறவங்களுக்கு ஒண்ணு. ஒரு நாளைக்கு 50ல இருந்து 100 முடி எல்லாருக்கும் உதிரும். வாரம் ஒரு தடவை மட்டும் அலசுனா அந்த வாரத்துல கழண்டு உள்ளயே சிக்கிக்கிட்டு இருந்ததெல்லாம் ஒண்ணா கைல வரும், அத பாத்து பயந்துடாதீங்க. வெறும் தண்ணிக்கு மாறுன முதல் வாரம் முடி கொட்டறது நின்ன மாதிரி இருக்கும், பிசுக்குல ஒட்டிக்கிட்டு விழாம இருக்குது, அவ்வளவுதான். மண்டை தெரியற அளவுக்கு கொட்டுனா ரத்தத்துல இரும்புச்சத்தும் தைராய்டும் பாருங்க, பாட்டில மாத்தி பாத்துட்டு உக்காராதீங்க.

அப்புறம் செலவு. ஷாம்பு காசு மிச்சம்னு சொல்றாங்க, தண்ணிக்கணக்க யாரும் போடறதில்ல. ஷாம்பு போட்டா எனக்கு ஒண்ணரை பக்கெட், அரப்புக்கு ரெண்டு, வெறும் தண்ணின்னா வெந்நியே ரெண்டு பக்கெட், மேல சாதா தண்ணி ஒண்ணு, அதுவும் வாரத்துக்கு மூணு தடவை. 2019 கோடைல சென்னைல லாரி தண்ணிக்கு காத்துக்கிட்டு கெடந்தவங்களுக்கு இது எப்படி இருக்கும்னு சொல்ல வேணாம். நேரமும் இடுப்பளவு முடிக்கு முக்கால் மணி நேரம். கிராப் வெட்டுன, எண்ணெய் வைக்காத ஆம்பளைங்களுக்கு மட்டும் இந்த கணக்கு அப்படியே மாறும், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும், தண்ணி நல்லா இருந்து பொடுகும் இல்லன்னா அவங்களுக்கு வெறும் தண்ணி நல்ல தேர்வு. நெளிமுடி, சுருட்டமுடி இருக்கறவங்களுக்கும், அவங்க எண்ணெய் நுனி வரைக்கும் தானா இறங்காது, ஷாம்பு சீக்கிரம் வறட்டிடும்.

இப்போ நான் சென்னைலதான் இருக்கேன். வெள்ளிக்கிழமை எண்ணெய் வச்சு அரப்பு, ஊர்ல இருந்து அம்மா மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு கிலோ தூள் அனுப்பறாங்க. நடுவுல செவ்வாய்க்கிழமை வேர்வைக்கு வெறும் தண்ணி அலசல், அது வரைக்கும் அந்த முறைய வச்சிருக்கேன். மாசம் ஒரு தடவை இடிடிஏ இருக்கற ஷாம்பு, போர் தண்ணி படிவுக்காக. ஐப்பசில மழை புடிச்சா மொட்டை மாடி குழாய்க்கு அடில முதல் மழைய விட்டுட்டு ரெண்டாவது மழைல ரெண்டு டிரம் ரொப்பி, துணி கட்டி மூடி வைக்கறேன், கடைசி ரெண்டு மக்கு அதுல இருந்து ஊத்தி அலசுவேன். போன வருஷம் அந்த தண்ணில கொஞ்சம் எடுத்து பருப்பு போட்டு பாத்தேன், மூணே விசில், மசிச்ச மாதிரி வெந்துடுச்சு.