கரன்ட் போனால் முட்டைக்கு எது, குஞ்சுக்கு எது?

நாட்டுக்கோழி வளர்க்கிறவர்கள் முட்டை பொரிக்கும் தெர்மாகோல் பெட்டி இன்குபேட்டர் வாங்கும்போதே கேட்கிற கேள்வி, கரன்ட் போனால் என்ன செய்வது என்பதுதான். இன்வெர்ட்டர் போடு, 12 வோல்ட் பேட்டரி வை, வெந்நீர் பாட்டில் போதும், கரிச்சட்டி வை, அடைக்கோழிக்குக் கீழே தள்ளிவிடு என்று ஆளுக்கொரு பதில் வரும். ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு நேரத்துக்குச் சரியான பதில்தான். ஆனால் முட்டையையும் குஞ்சையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பேசுகிறார்கள். காசு தவறான இடத்தில் போவது அதனால்தான்.

முட்டை தாங்கும். அடையில் இருக்கும் கோழியே தினமும் இறங்கிப்போய் இரை பொறுக்கி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வருகிறது. 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 18 மணி நேரம் வரை கிடந்த கருக்கள்கூடப் பிழைத்ததுண்டு. பொரிப்பு தள்ளிப்போகும், கூமுட்டை கொஞ்சம் கூடும். முட்டைக்குக் குளிரைவிடப் பெரிய எதிரி மிகைச்சூடு. 37.5 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் 40-ஐத் தாண்டிப் பல மணி நேரம் நின்றால் கரு செத்துவிடும். பதற்றத்தில் பெட்டிக்குள் எதையாவது சூடாக வைப்பதைவிடச் சும்மா மூடி வைத்திருப்பது எவ்வளவோ மேல்.

குஞ்சு அப்படி இல்லை. முதல் வாரம் அதற்கு 33 முதல் 35 டிகிரி வேண்டும். தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அந்த வயதில் முடியாது. குளிர்ந்தால் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அடியில் சிக்கியவை மூச்சுமுட்டிச் சாகும். கார்த்திகை மழை இரவில் இதற்கு ரொம்ப நேரம் ஆகாது. அதனால் மாற்று ஏற்பாட்டுக்கு ஒதுக்கும் முதல் ரூபாய் குஞ்சுக்குத்தான் போக வேண்டும் என்பேன்.

சரி, இன்வெர்ட்டருக்கு வருவோம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 1,800 வாட்-ஹவர் இருக்கிறது. பேட்டரி கெடாமல் இருக்கப் பாதியைத்தான் எடுக்கலாம், இன்வெர்ட்டரில் வீணாவதும் போனால் 750 வாட்-ஹவர் அளவுக்கு மிஞ்சும். குஞ்சுக்கு 2 வாட் வீதம் 50 குஞ்சுக்கு 100 வாட் பல்பு எரித்தால் ஏழு மணி நேரம் ஓடும். அதே இன்வெர்ட்டரில் வீட்டு ஃபேனும் சுற்றினால் விடியும்வரை தாங்காது. பல்பு என்றால் பழைய குண்டு பல்பு. எமர்ஜென்சி எல்.இ.டி. விளக்கை மாட்டினால் வெளிச்சம் வரும், குஞ்சுக்குத் தேவையான சூடு வராது.

இன்குபேட்டருக்கு மட்டும் என்றால் இன்வெர்ட்டரைவிட நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் பெட்டி நல்லது. நடுவில் மாற்றி வீணாவது இல்லை, கரன்ட் போனதும் தானே பேட்டரிக்குத் தாவும், சோலார் பேனலையும் சேர்க்கலாம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்திப் பிற்பகலில் விடும் மின்தடைக்கு இது தாராளம். ஆனால் கூடவே விற்கிற 7 ஆம்பியர்-ஹவர் குட்டி பேட்டரியை நம்ப வேண்டாம். அதில் எடுக்கக்கூடியது 40 வாட்-ஹவர் சொச்சம்தான்.

இந்த இடத்தில்தான் பலரும் ஏளனமாகப் பார்க்கும் வெந்நீர் பாட்டில் என்னை ஆச்சரியப்படுத்துகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் 60 டிகிரியிலிருந்து 40-க்கு ஆறும்போது 23 வாட்-ஹவர் சூட்டைக் கொடுக்கிறது. இரண்டு லிட்டர் என்றால் அந்தக் குட்டி பேட்டரி தருவதற்கு ஈடு, செலவு நாலு விறகு. கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றினால் சுருங்கிவிடும், கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றுங்கள். துணியில் சுற்றி, முட்டையில் படாமல் ஓரமாக வைக்க வேண்டும். குஞ்சுப் பெட்டிக்கும் இதுவே. ஒரே குறை, இரவு முழுக்க யாராவது எழுந்து தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கரிச்சட்டியும் அரிக்கேன் விளக்கும் சூட்டில் குறை வைக்காது. மண்சட்டியில் கனிந்த கரியைப் போட்டுச் சாம்பலால் மூடி, மேலே கம்பிவலை கவிழ்த்தால் பெரிய கொட்டகையே கதகதப்பாகும். ஆனால் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மழைக்காக நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிய கொட்டகையில் குஞ்சோடு ஆளையும் கொல்லும். கீழே விரித்த உமியில் ஒரு பொறி விழுந்தாலும் போச்சு. மேல்பக்கம் காற்றுப்போக்கு இருந்து, ஒருவர் கூடவே விழித்திருந்தால் ஒழிய நான் இதைச் சொல்ல மாட்டேன். ஜெனரேட்டர் வசதிதான், ஆனால் ஒரு பல்புக்காக ராத்திரி முழுக்க பெட்ரோல் எரிப்பது கட்டுப்படியாகாது. சில மணி நேரம் ஓட்டி பேட்டரியை ஏற்றிக்கொள்ள உதவும், அதுவும் வீட்டுக்கு வெளியே வைத்து.

வெளியிலிருந்து சூடே தராத வழி ஒன்றும் உண்டு. குஞ்சு பொரித்து விற்கும் ஹேச்சரியிலிருந்து ஒருநாள் குஞ்சுகள் நாலு அறை கொண்ட அட்டைப் பெட்டியில், அறைக்கு 25 வீதம், ஹீட்டர் எதுவும் இல்லாமல் ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வருகின்றன. அவற்றின் உடம்புச் சூடுதான் ஒன்றையொன்று காக்கிறது. அறைக்கு இத்தனைதான் என்று பிரித்திருப்பதால் குவிந்து நசுங்குவதும் இல்லை. அந்தப் பெட்டிகளைத் தூக்கிப் போடாதீர்கள். அடியில் வைக்கோல், மேலே சணல் சாக்கு, பக்கத்துத் துளைகள் திறந்தபடி. இதில் ஒரு வெந்நீர் பாட்டிலும் சேர்ந்தால், ஒரு இரவுக்கு இதைவிட மலிவான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

நாள்கணக்கில் கரன்ட் வராவிட்டால் அடைக்கோழிதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படியொரு நிலையில் எந்த பேட்டரியும் தாங்காது. சிறுவிடை என்ற சிறிய நாட்டுக்கோழி ஒன்று பத்துப் பன்னிரண்டு முட்டையை மூடும். 50 முட்டைக்கு நாலைந்து கோழி வேண்டும் என்பதுதான் இதன் எல்லை. ஏற்கெனவே சில நாள் அடையில் உட்கார்ந்த கோழியாக இருக்க வேண்டும், உடம்பில் செள்ளுப் பூச்சி இருக்கக்கூடாது. ஓரிரு நாள் குஞ்சுகளை இருட்டியபின் அடியில் நுழைத்துவிட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். வாரம் கடந்த குஞ்சைக் கொத்தி விரட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோர மாவட்டங்களில் இன்குபேட்டரை நிரப்புகிறவர்கள், அந்த மாதங்களில் அடைக்கு உட்காரும் கோழியைத் தண்ணீரில் முக்கித் தெளியவைக்காமல் உட்காரவிடுவது நல்லது.

முட்டைக்கு இன்னும் ஒன்று. அடைவைத்து 18-ஆம் நாளைத் தாண்டியவை தாமே சூடு உண்டாக்கும், காற்றும் நிறையக் கேட்கும். அந்தப் பெட்டியின் மேல் கம்பளி போர்த்தினாலும் துளைகளை அடைக்கக்கூடாது. கரன்ட் வந்ததும் இழந்த சூட்டை ஈடுகட்ட சூட்டின் அளவை வைக்கும் தெர்மோஸ்டாட்டை ஏற்றாதீர்கள், பழைய அளவிலேயே விடுங்கள். கரன்ட் போனபோது அடைக்காலத்தின் நடுவில் இருந்த முட்டைகளை நாலைந்து நாள் கழித்து வெளிச்சத்தில் பார்த்தால் எது வளர்கிறது என்று தெரிந்துவிடும், அதற்குமுன் எதையும் எறிய வேண்டாம். 21-ஆம் நாள் ஓடு கீறவில்லை என்றாலும் 23 வரை பெட்டியை ஓடவிடுங்கள்.