பாலைவனப் பாதுகாப்பு முகாம் என்று 37,000 ரூபாய் போச்சு – டெல்லித் தமிழர்கள் உஷார்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன்: 37,000 ரூபாய். எனக்கும் அக்கா மகனுக்கும் சேர்த்து, ஆளுக்கு 18,500. ரயில் டிக்கெட் அதில் சேர்த்தி இல்லை. நேற்று ராத்திரி என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். அந்தக் கொதிப்பிலேயே எழுதுகிறேன், நடை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி முகாம்களில் சேருவதற்கு முன் என்னவெல்லாம் விசாரிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயர் போட மாட்டேன். புகார் நிலுவையில் இருக்கும்போது வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லிவிட்டார். வனவிலங்குப் பாதுகாப்புக்குத் தன்னார்வலர்களைச் சேர்த்து அனுப்புகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு இணையதளம், அவ்வளவுதான் இப்போதைக்கு. இன்ஸ்டாகிராமில் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

அக்கா மகன் மயூர் விஹாரில் என் வீட்டில் தங்கி விலங்கியல் படிக்கிறான். கானமயில் என்ற பெரிய புல்வெளிப் பறவை என்றால் அவனுக்குப் பைத்தியம். ராஜஸ்தானில் கோடாவன் என்பார்கள், 1981-லிருந்து அந்த மாநிலத்தின் பறவை. ஒரு காலத்தில் தமிழ்நாடு வரைக்கும் இருந்தது. இப்போது இயற்கையில் மிஞ்சியிருப்பது 150-க்கும் கீழே என்கிறார்கள், அதிலும் பெரும்பங்கு ஜெய்சல்மர் பக்கம்தான். விளம்பரத்தில் இருந்தது இது: பாலைவன தேசியப் பூங்காவில் ஒரு வாரம், புல்வெளி மீட்பு வேலை, பறவைக் கண்காணிப்பு, புத்த பூர்ணிமா இரவில் வனத்துறையோடு பரண் மேல் உட்கார்ந்து விலங்குக் கணக்கெடுப்பு, முடிவில் சான்றிதழ். அந்தக் கணக்கெடுப்பு நிஜமாகவே நடப்பதுதான். கோடையில் சுற்றுவட்டாரமே காய்ந்து கிடக்கும். எந்த விலங்கும் இருக்கிற தண்ணீருக்கு வந்தே ஆக வேண்டும். முழு நிலா வெளிச்சத்தில் எண்ணிவிடலாம். ராஜஸ்தான் வனத்துறை தன்னார்வலர்களையும் வைத்துக்கொண்டு செய்கிறது. உண்மையான ஒன்றின் மேல் ஒட்டிய பொய் என்பதால் எங்களுக்கு உறுத்தவே இல்லை.

நம்பிக்கை வந்த இடத்தை மட்டும் நன்றாகக் கேளுங்கள், ஏனென்றால் இவர்கள் தொழிலே அங்கேதான் இருக்கிறது. பணம் கட்டுகிறேன் என்றபோது வாங்கவில்லை. "முதலில் படிவம் நிரப்புங்கள் சார், அப்புறம் இன்டர்வியூ, தேர்வானால்தான் பணம்" என்றார்கள். வீடியோ காலில் ஒரு மேடம் வந்தார். பின்னால் சுவரில் பெரிய ராஜஸ்தான் மேப். கோடாவனுக்கு இன்றைக்கு மிகப் பெரிய ஆபத்து எது என்று இவனைக் கேட்டார். உயர் அழுத்த மின்கம்பிகள் என்றான். ஏன் என்றார். கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் நேர் எதிரே பார்வை குறுகல், உடம்போ கனம், கம்பி கண்ணில் படும்போது விலகிப் பறக்க நேரம் இருக்காது என்று கடகடவென்று ஒப்பித்தான். அந்த அம்மா விடவில்லை. 2021-ல் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது, 2024-ல் அதை மாற்றி நிபுணர் குழு போட்டது, ஜெய்சல்மர் பக்கம் சாம் பகுதியில் 2019-லிருந்து நடக்கும் இனப்பெருக்க மையம், ஒரு தடவைக்கு ஒரே முட்டைதான் இடும் என்பதால் ஒரு கூடு போனாலும் எவ்வளவு பெரிய இழப்பு என்று எல்லாவற்றையும் பேசினார். கடைசியில் என்னைப் பார்த்து, "பறவையைக் காட்டுவோம் என்று உத்தரவாதம் தர முடியாது சார். இது டூர் இல்லை" என்றார். நான் அங்கேயே விழுந்துவிட்டேன். காட்டுவேன் என்று சொல்லியிருந்தால் ஏமாற்று என்று நினைத்திருப்பேன். காட்ட மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் நம்பத் தோன்றாது?

மறுநாள் "தேர்வாகிவிட்டீர்கள்" என்று மெயில். இவன் வீடு முழுக்கக் குதித்தான். வனத்துறை அனுமதிக்கு என்று ஆதார் நகல் கேட்டார்கள், கொடுத்தோம். கியூஆர் கோடு அனுப்பினார்கள். ஸ்கேன் செய்தால் யாரோ தனி ஆள் பெயர் வந்தது. கேட்டேன். டிரஸ்ட் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இது நிறுவனர் கணக்கு, ரசீது டிரஸ்ட் பெயரில் வரும் என்றார்கள். ரசீதும் வந்தது, முத்திரையோடு. 37,000 ரூபாய் அப்படித்தான் போனது.

ஜெய்சல்மர் ஸ்டேஷனில் ஒரு ஜீப் வந்தது, அது உண்மை. சாம் மணல்மேடு அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். இறக்கிவிட்ட இடம் ஒரு டூரிஸ்ட் டென்ட் முகாம். குளிர்காலத்தில் ஒட்டகச் சவாரி, நடனம் என்று களைகட்டும் இடங்கள் இவை. கோடையில் ஈ ஓட்டுவார்கள், பல முகாம்கள் மூடியே கிடக்கும். எங்களுடன் சேர்த்து இன்னும் சில பேர், குர்கானிலிருந்து ஒரு தம்பதி, இரண்டு கல்லூரிப் பெண்கள். எல்லாரும் "தேர்வானவர்கள்". கூலரில் தண்ணீர் ஊற்றினால் மின்சாரம் இருக்காது, மின்சாரம் இருந்தால் தண்ணீர் இருக்காது. முகாம் மேனேஜர் நல்ல மனுஷன், அவரே சொன்னார்: ஆளுக்கு ஒரு நாளைக்குச் சாப்பாட்டோடு 900 ரூபாய்க்குப் பேசியிருக்கிறார்கள், பறவை கிறவை எல்லாம் எனக்குத் தெரியாது என்று.

முதல் நாள் "களப்பணி" என்னவென்றால், ஆளுக்கு ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பை. சீசனில் டூரிஸ்டுகள் போட்டுவிட்டுப் போன பீர் பாட்டில், சிப்ஸ் கவர், பேப்பர் பிளேட் எல்லாம் முகாமைச் சுற்றிப் பொறுக்க வேண்டும். காசு கொடுத்து அவர்கள் வாசலைக் கூட்டினோம்!

அடுத்தது மரம் நடுதல். வேப்பங்கன்றுகள். இவன் முகம் சுருங்கிவிட்டது. "மாமா, இந்தப் பறவைக்கு மரக்கூட்டமே ஆகாது. திறந்த புல்வெளிதான் வேணும், சேவண் புல். அதைக் காப்பாத்தத்தானே வந்தோம்?" என்றான். ஒருங்கிணைப்பாளர் என்று வந்த பையனிடம் கேட்டால் "பச்சை எல்லாம் நல்லதுதானே பையா" என்று சிரிக்கிறான். கன்றுகளைச் சுற்றியிருந்த பாலிதீன் பையைக்கூட எங்களைக் கிழிக்க விடவில்லை. அப்படியே மணலில் செருகச் சொன்னான், பேனரைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தான். பேனரில் 1730-ல் ராஜஸ்தானின் கேஜட்லி கிராமத்தில் வன்னி மரங்களைக் கட்டிப்பிடித்து உயிர் விட்ட பிஷ்னோய் சமூகத்தினர் 363 பேரின் கதை. சாயங்காலம் தண்ணீர் ஊற்றலாமே என்று நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனால், நட்ட இடத்தில் குழிதான் இருந்தது. கன்றுகள் எல்லாம் ஜீப்பின் பின்னால், பாலிதீன் பையோடு, வரிசையாக! அடுத்த பேட்சுக்கு. உயிரைக் கொடுத்தவர்கள் பெயரை பேனரில் போட்டுக்கொண்டு இந்த வேலை. வயிறு எரிகிறது.

பூர்ணிமா வந்தது. மதியம் ஒரு மெசேஜ்: "இந்த ஆண்டு கணக்கெடுப்பு ரத்து." நம்பவில்லை. மேனேஜரிடம் சொல்லி ஒரு வண்டி பிடித்து வனத்துறைச் சாவடிக்குப் போனோம். அங்கே ஆட்கள் தண்ணீர் கேன், பாய், டார்ச் எல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எதுவும் ரத்தாகவில்லை. காவலரிடம் எங்கள் "அனுமதிச் சீட்டை" நீட்டினேன். பட்டியலை எடுத்துப் பொறுமையாகப் பார்த்தார். எங்கள் பெயர் இல்லை. முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்களுடையது இல்லை, உள்ளே விட முடியாது" என்றார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மூவாயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டர் பூங்கா அது. அதன் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினோம். இவன் வழியெல்லாம் வாயே திறக்கவில்லை.

டெல்லி வந்ததிலிருந்து நடக்கும் கூத்து தனி. முதலில் "ரீஃபண்ட் டீம் கூப்பிடும் சார்." அப்புறம் "அக்கவுண்ட்ஸ் மேடம் லீவு." அப்புறம் "தங்கினீர்கள், சாப்பிட்டீர்கள் அல்லவா?" அப்புறம் இயற்கைச் சூழலால் மாற்றம் வரலாம் என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று ஒரு வரியை வட்டம் போட்டு அனுப்பினார்கள். இதற்கெல்லாம் மேலே, பணத்துக்குப் பதில் ஒரு வவுச்சர் தருகிறார்களாம், லடாக்கில் பனிச்சிறுத்தை முகாமுக்கு! மீதிப் பணம் நாங்கள் போட வேண்டும். இன்டர்வியூ எடுத்த அந்த மேடத்தைக் கேட்டால் "அவர் இப்போது எங்களுடன் இல்லை." சான்றிதழ் மட்டும் சொன்னபடி வந்தது, இவன் பெயரைத் தப்பாகப் போட்டு.

ரசீதில் இருந்த விலாசம் லக்ஷ்மி நகர். யமுனா பேங்கில் மெட்ரோ மாறிப் போனேன். மூன்றாவது மாடியில் ஒரு சிஏ கோச்சிங் சென்டர். கீழே இருந்த வாட்ச்மேன் என்னைப் பார்த்ததுமே, "பாலைவனமா சார்?" என்றார். எனக்கு முன்னால் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் பாருங்கள்.

பேங்கில், நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் என்ன செய்ய என்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷனில், கூட்டிப்போய்த் தங்கவும் வைத்திருக்கிறார்கள், இது சேவைக் குறைபாடு, நுகர்வோர் மன்றத்துக்குப் போங்கள் என்கிறார்கள். போலி முத்திரைக்கு என்ன பதில் என்றேன். எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். 37,000 ரூபாய் என்பது என் மாதச் சம்பளத்தில் பாதிக்கும் மேலே.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை, மணி ஒன்றாகிறது. அவசரத்துக்குச் சில மட்டும். காட்டுக்குள் வேலை என்று யார் சொன்னாலும், அந்த மாவட்ட வன அலுவலகத்துக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்கள், அவர்கள் கொடுக்கும் நம்பருக்கு வேண்டாம். தனி ஆள் பெயருக்குப் பணம் அனுப்பாதீர்கள், ஆடிட், கீடிட் என்று என்ன கதை சொன்னாலும் சரி. தொண்டு நிறுவனம் என்றால் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிவு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பணம் போய்விட்டதா, அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்கு அடியுங்கள். நுகர்வோர் உதவிக்கு 1915. ஆதார் நகல் கொடுத்திருந்தால் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள்.

அடுத்த பேட்சுக்கு இன்றைக்கும் விளம்பரம் போகிறது. இந்தப் பக்கம் பணம் கட்டிவிட்டு ரயில் ஏறக் காத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள், பெயரும் ரசீதும் காட்டுகிறேன். ஏற்கெனவே போய் ஏமாந்தவர்களும் சொல்லுங்கள், தனித்தனியாக அலைவதற்குப் பதில் சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.