செங்கல் தாள்: சுவர் வரைக்கும் சரி, முக்கு நம் பாடு

மாடல் ரயில் கட்டடங்களுக்கு ஒட்டுகிற புடைப்புச் செங்கல் பிளாஸ்டிக் தாள் வாங்கலாமா என்று என்னிடம் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இங்கிலாந்திலிருந்து இரண்டு வகை வரவழைத்து, காரைக்குடியில் என் மாடி அறையில் ஒரு கூட்ஸ் ஷெட் முழுவதும் ஒட்டி முடித்திருக்கிறேன். வாங்கலாம். ஆனால் எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். தாள் தருவது சுவர் மட்டும்தான். செங்கல் கட்டடத்தைக் கட்டடமாகக் காட்டுகிற முக்கு, வளைவு, கார்னிஸ் (கூரைக்குக் கீழே நீட்டி நிற்கும் விளிம்பு) எல்லாம் நம் கையால்தான் வர வேண்டும்.

எங்கள் திருச்சி – மானாமதுரைப் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலம்தான் எனக்குப் பிடித்த காலம். தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அந்த 1 மீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5 மில்லிமீட்டர். 12 மில்லி இடைவெளித் தண்டவாளம் கடையில் கிடைக்கிறது. அதனால் 1:87 அளவு, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு. ஷெட் எந்த ஸ்டேஷனுடைய நகலும் இல்லை. தேவகோட்டை ரோட்டிலோ கல்லலிலோ ஒரு ஒய்டிஎம்-4 மீட்டர் கேஜ் டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் யாரும் ஏன் என்று கேட்காத மாதிரி ஒன்று: பூசாத செங்கல் சுவர், வளைவு வாசல் இரண்டு, மங்களூர் ஓடு.

எங்கள் செட்டிநாட்டு வீடுகளை மாடல் செய்கிறவர்கள் இந்தத் தாளுக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் செங்கல் எங்கே வெளியே தெரிகிறது? சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து வழவழவென்று இழைத்த பூச்சுதான் முழுக்க. காரை பெயர்ந்த இடத்தில் மட்டும் பட்டையான மெல்லிய கல் எட்டிப் பார்க்கும். அதைக் காட்ட ஒரு வழி இருக்கிறது. 1:148 என்ற இன்னும் சிறிய அளவுக்கு அச்சான தாளில் ஒரு கல் சுமார் 1.5 மில்லி நீளம், அரை மில்லி உயரம். அதை 1:87 சுவரில் ஒட்டினால் 130-க்கு 44 மில்லி கல்லாகக் கணக்காகும். பழைய மெல்லிய கல்லுக்கு அது போதும். நகம் அளவுத் துண்டு நாலு ஒட்டி, சுற்றிப் புட்டி பூசினால் முடிந்தது.

சரி, ஷெட்டுக்கு வருகிறேன். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கல்லின் அளவைக்கூட அல்ல, கட்டு (கல்லை அடுக்கும் முறை, பாண்டு) எது என்று. வெறுமனே ‘செங்கல்’ என்று போட்டு விற்கிற தாள் பெரும்பாலும் ஸ்ட்ரெச்சர் பாண்டு. எல்லாக் கல்லும் நீளவாக்கில், வரிக்கு வரி பாதி தள்ளி. அப்படி அடுக்கினால் சுவர் அரைக்கல் கனம்தான், அதாவது நாலரை அங்குலம். நடுவில் இடைவெளி விட்டு இரட்டைச் சுவர் எழுப்புகிற நாட்டில் வெளிப்பக்கம் அப்படித் தெரிவது நியாயம். நம் பழைய ரயில்வே சுவர் 9 அங்குலத்துக்குக் குறையாது. அதில் ஒரு வரி நீளக்கல், அடுத்த வரி தலைக்கல் (குறுக்கே வைத்து, தலைப்பக்கம் மட்டும் வெளியே தெரியும் கல்) என்று மாறி மாறி வரும் இங்கிலீஷ் பாண்டுதான் பொருத்தம். நான் வாங்கிய இரண்டில் ஒன்று ஸ்ட்ரெச்சர், ஒன்று இங்கிலீஷ். பக்கத்து வீட்டு மராமத்துக்கு வந்த கொத்தனாரிடம் இரண்டையும் நீட்டினேன். ஸ்ட்ரெச்சர் தாளைத் திருப்பிப் பார்த்தவர், “இதை வச்சு நாலரைச் சுவருதாண்ணே கட்டலாம். கம்மாக்கரை பம்பு ரூமுக்கு ஆகும். ஓட்டுக்கூரையை இது எங்க தாங்கும்?” என்று கையில் கொடுத்துவிட்டார். பிளாஸ்டிக் என்று தெரிந்தும் பாரம் கணக்குப் போட்டார் பாருங்கள்.

அளவு விஷயத்தில் இங்கிலீஷ் பாண்டு தாள் நன்றாகவே இருக்கிறது. நம் 9 × 4½ × 3 அங்குலக் கல் 1:87-இல் 2.6 மில்லி நீளம், 0.88 மில்லி உயரம் வர வேண்டும். நகைக்கடை லூப் (கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடி) வைத்து ஸ்கேலில் அளந்தால் 1 சென்டிமீட்டரில் பதினொன்றே கால் வரி வருகிறது. போதும். புடைப்பு துல்லியமாக இருக்கிறது, கல்லின் ஓரம் மழுங்கவில்லை. குறை இரண்டு. தாளின் விளிம்பில் கடைசி இரண்டு வரி மங்கலாக இருப்பதால் அதை வெட்டிப் போட வேண்டும். அதைவிடப் பெரிய குறை, ஒரே பாக்கெட்டில் வந்த இரண்டு தாளுக்குள் வரி ஒத்துப் போகவில்லை. 10 சென்டிமீட்டர் போவதற்குள் அரை வரி விலகிவிடுகிறது. சேர்ந்து நிற்கும் இரண்டு சுவரையும் ஒரே தாளிலிருந்து வெட்டினால்தான் தப்பலாம்.

முக்குதான் இந்தத் தாளின் பலவீனம். கொத்தனார் எப்படி முக்குக் கட்டுகிறார் என்று கவனித்தால் விஷயம் புரியும். தலைக்கல் வரியில் முதல் கல் முழுத் தலைக்கல்லாகத்தான் இருக்கும். அடுத்து அதில் பாதி அகலத்துக்கு ஒரு சீவல், குயின் குளோசர். அதற்கப்புறம் வரிசையாகத் தலைக்கல். அந்தச் சீவலை முக்கிலேயே வைத்தால் உடைந்து விழும், யாரும் வைக்க மாட்டார்கள். தாளில் நீளக்கல் வரியின் ஓரத்தை ஒட்டி வெட்டினால் நடப்பது அதுதான்: தலைக்கல் வரியின் ஓரத்தில் 0.65 மில்லிச் சீவல் வந்து நிற்கிறது, முழுக்கல் இரண்டாவதாகப் போய்விடுகிறது. திருத்துவது பெரிய வேலை இல்லை. ஓரத்திலிருந்து 0.65-இல் உள்ள கோட்டைப் புட்டியால் அடைத்து, காய்ந்ததும் 1.3 மில்லியில் ஊசி முனையால் புதுக் கோடு கீற வேண்டும். அவ்வளவுதான், முழுக்கல் முன்னால், சீவல் பின்னால் என்று சரியாகிவிடும். ஒரு வரி விட்டு ஒரு வரி என்று சுவர் உயரம் முழுக்கச் செய்ய வேண்டும். ஒரு முக்கு முடிவதற்குள் கண் எரியும்.

அப்புறம், ஒரு பக்கச் சுவரில் தலை காட்டுகிற கல் திரும்பினால் அடுத்த பக்கத்தில் நீளத்தைக் காட்ட வேண்டும். ஆக, இரண்டாவது சுவரைத் தாளில் ஒரு வரி தள்ளி வெட்ட வேண்டும். இரண்டு ஓரத்தையும் 45 டிகிரிக்கு உப்புத்தாளில் தேய்த்து ஒட்டியபின், முக்கில் மறைந்துபோன படுக்கைக் கோடுகளை மூன்று பட்டை அரத்தால் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் தூரத்திலிருந்து பார்த்தாலும் பெட்டிக்குத் தாள் ஒட்டியது என்று தெரிந்துவிடும்.

வளைவுக்குத் தாள் உதவவே உதவாது. வெறும் அரை மில்லிப் பிளாஸ்டிக்கில் 1.3 மில்லி அகலப் பட்டை வெட்டி, 0.88 மில்லிக்கு ஒரு கோடு கீறி, மெதுவாக வளைத்து ஒட்டினேன். 4 அடி வாசல் என்றால் நம் அளவில் 14 மில்லி. அரைவட்டத்துக்கு 25 கல் சரியாக உட்காரும், நடுக்கல் உச்சியில் வந்துவிடும். மிஞ்சிய பட்டையைத் துண்டு போட்டுக் கூரைக்குக் கீழே ஒன்று விட்டு ஒன்றாக ஒட்டினால் கார்னிஸ் பல்வரிசை.

ஒட்டுவதற்கு, பெயர்ப்பலகைக் கடைகளில் அக்ரிலிக் ஒட்டுகிற தண்ணீர் போன்ற திரவம் இதற்கும் பிடிக்கிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த ஆவி நல்லதல்ல. அதிகம் தடவி இரண்டு தாளுக்கு நடுவே அடைத்துவிட்டால் சில நாள் கழித்துச் சுவர் அப்பளம் மாதிரி வளையும். பின்பலகையை 2 மில்லிக் கனத்தில் வைத்து, ஆவி போக அங்கங்கே துளை போட்டுவிட்டேன். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் வைத்தும் ஷெட் நேராகத்தான் நிற்கிறது.

நிறம் பற்றிக் கொஞ்சம். தாளோடு வந்த குறிப்பு கருஞ்சிவப்பு அடிக்கச் சொல்கிறது. நிலக்கரிப் புகை படிந்த ஊருக்கு அது சரி. நம் நாட்டுச் செங்கல் ஆரஞ்சு கலந்தது. சூளையில் நெருப்புக்குப் பக்கத்தில் இருந்த கல் கருத்தும், தள்ளி இருந்தது வெளுத்தும் வரும். அடிவண்ணம் காய்ந்ததும் கலர் பென்சிலால் அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றினேன். சாந்துக் கோட்டில் பளிச்சென்று வெள்ளை போடாதீர்கள். தாளில் அந்தப் பள்ளம் கால் மில்லி. அசலில் 22 மில்லி சாந்து என்று அர்த்தம், உண்மையில் 10 மில்லிதான் இருக்கும். வெள்ளை போட்டால் வலை விரித்த மாதிரி ஆகிவிடும். வால் புட்டியில் கொஞ்சம் செம்மண் கலந்து தேய்த்துத் துடைத்தால் அடங்கிவிடுகிறது.

விலை? நான் வாங்கியபோது தாள் ஒன்று நாலைந்து பவுண்ட். அஞ்சல் கட்டணம் அதைத் தாண்டிவிடுகிறது. அதனால் ஒன்றிரண்டாக வாங்குவது நஷ்டம், நாலு பேர் சேர்ந்து வரவழையுங்கள். சுருட்டிக் குழாயில் அனுப்பாமல் அட்டைக்கு நடுவே தட்டையாக அனுப்பச் சொல்லுங்கள். எனக்குச் சுருட்டி வந்ததை நிமிர்த்த, கடை லெட்ஜர்களுக்கு அடியில் வைக்க வேண்டியிருந்தது.

செலவு ஒத்துவராதவர்களுக்கு, லேசர் கடையில் அட்டையில் கோடு எரிக்கச் சொல்வது ஒரு வழி. முக்கும் சீவலும் நாம் வரைந்தபடியே வரும், அது பெரிய வசதி. ஆனால் கோடு கருகிப் போவதால் பெயின்ட் இரண்டு கை அடிக்க வேண்டும், கல்லின் முகமும் மொழுக்கென்று இருக்கும். அச்சடித்த செங்கல் காகிதம் பின்வரிசைக் கட்டடத்துக்குப் போதும், கண்ணுக்கு நேரே வைக்காதீர்கள். என் அடுத்த வேலை தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடித்தளம். அதற்கு மறுபடி இந்தத் தாள்தான், இங்கிலீஷ் பாண்டு மட்டும். ஸ்ட்ரெச்சர் தாளில் முக்கால்வாசி மிச்சம் கிடக்கிறது. பம்பு ரூம் கட்டுகிறவர் யாராவது இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளலாம்.