சருகுக் கூண்டு: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு வேம்பு, ஒரு மாமரம், ஒரு பாதாம் மரம், மூலையில் ஒரு தென்னை. மாசி பிறந்துவிட்டால் காலையில் பெருக்கிய இடம் மத்தியானத்துக்குள் மறுபடி சருகுக்காடு. எல்லாவற்றையும் சாக்கில் அடைத்துக் குப்பை வண்டியில் ஏற்றிவிடுவோம். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தபோது ஜன்னலைத் திறக்க முடியவில்லை. குவியலுக்கு அடியில் காற்றில்லாமல் மட்கும் இலை, தழை, உணவுக் கழிவு எல்லாம்தான் தீப்பற்றும் மீத்தேன் வாயுவை விடுகின்றன. அந்தக் குவியலில் நம் வீட்டுச் சாக்கும் இருக்குமே என்று உறுத்தியது.

சருகை வீட்டிலேயே மட்கவைத்து எருவாக்க, கோழி வலையை மூன்றடி அகலத்துக்கு வட்டமாகச் சுருட்டிக் கம்பியால் கட்டினேன். அவ்வளவுதான் கூண்டு. இதைவிடச் சின்னதாக வைத்தால் உள்ளே சூடு நிற்காது.

முதல் ஆறு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. போட்ட சருகு போட்டபடி கிடந்தது. வெறும் சருகில் கரிமம் அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. கரிமம் முப்பதுக்குத் தழைச்சத்து ஒன்று என்ற கணக்கில் ஏறக்குறைய இருந்தால்தான் நுண்ணுயிர்கள் வேலை செய்யும். மாட்டுக்காரரிடம் ஒரு வாளி சாணி வாங்கிக் கரைத்து ஊற்றி, புல்லும் காய்கறித் தோலும் கலந்தேன். நாலாம் நாள் கிளறினால் ஆவி பறந்தது. இப்போது ஐந்து மாதத்தில் மட்கிவிடுகிறது. பத்துச் சாக்கு சருகு இரண்டு சாக்கு எருவாகிறது.

பாதாம் இலை தனித் தொல்லை. அப்பளக் கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும், நடுவில் சொட்டுத் தண்ணீர் இறங்காது. காயவைத்து, சாக்கில் போட்டு மிதித்து நொறுக்கித்தான் போட வேண்டும். ஐப்பசி மழைக்கு மேலே பழைய பிளெக்ஸ் பேனர். யாரோ மணமக்கள் அதில் சிரித்துக்கொண்டே நனைகிறார்கள். மூடாமல் விட்ட வருடம் அழுகல் நாற்றம் தெரு வரை போனது.

பெரிய அடி இரண்டாம் வருடம். கிளறும்போது கட்டைவிரல் பருமனில், பழுப்புத் தலையோடு சுருண்ட வெள்ளைப் புழுக்கள். மண்ணுக்கு நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். சில மாதத்தில் தென்னையின் புதுக்குருத்து விரிந்தபோது, கத்தரிக்கோலால் வெட்டிய விசிறி மாதிரி இருந்தது. பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த மாமனார் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "காண்டாமிருக வண்டுங்க மாப்ள. எருக்குழியில இந்தப் புழுவைக் கண்டா விட்டுப்போடாதீங்க." வண்டு முட்டையிடுவது எருவில், வளர்ந்ததும் துளைப்பது தென்னங்குருத்தை. நானே தொட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறேன்!

அதிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறிப் புழுவைப் பொறுக்கிவிடுகிறேன். மைனாக்களுக்கு அன்று விருந்து. இந்தப் புழுவைக் கொல்லும் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சைப் பொடியையும் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கிறேன். தயாரான எருவைக் கூண்டிலேயே விட்டுவைப்பதில்லை. தட்டையாக, சாம்பல் பழுப்பில் நெளிபவை வேறு, கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். அவை நம் ஆட்கள்.

சருகை எரிப்பது திடக்கழிவு விதிகளின்படியே தவறு. ஆனால் எங்கள் தெருவில் இன்னும் மாலையானால் புகைதான். கிளறச் சோம்பல் என்றால், தென்னை இருக்கும் வீட்டில் இதைத் தொடங்காதீர்கள் என்பேன். தென்னை மட்டையும் பாளையும் எனக்கு இதுவரை மட்கவில்லை. அவை மட்டும் இன்னும் குப்பை வண்டிக்குத்தான் போகின்றன.