வேய்பிரிட்ஜ் கிராணி வேலைக்கு ஆள் எடுக்க: பேச்சா, கைவேலையா, மதிப்பெண் தாளா?

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா மாதிரி தோட்டப்புறப் பட்டணத்தில் (பழைய ஆட்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஆள் உள்ளே வந்து உட்காரும் முன்பே நேர்முகத் தேர்வு பாதி முடிந்துவிடும். எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பையன், எந்தக் கோயில் கமிட்டி என்பதெல்லாம் தெரிந்துபோகும். மீதிப் பாதியைச் சட்டை மடிப்பும் முதல் இரண்டு நிமிட ஆங்கிலமும் முடித்துவைக்கும். தப்பாக எடுத்த ஆளோடு பிறகு மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

செம்பனை ஆலையின் எடைமேடையில் (வேய்பிரிட்ஜ்) லோரி எடை போடும் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலையை வைத்து மூன்று வழிகளைப் பார்க்கலாம்: சும்மா பேசிப் பார்ப்பது, வேலையைச் செய்து காட்டச் சொல்வது, எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுத் தாளில் மதிப்பெண் போடுவது. நாங்கள் மூன்றாவதற்கு மாறிவிட்டோம். அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

பேசிப் பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செலவில்லை, சுலபம், இருவருக்கும் மனம் நிறையும். அதிலுள்ள கோளாறை அமெரிக்க உளவியலாளர் தார்ன்டைக் 1920-லேயே காட்டிவிட்டார். ராணுவ மேலதிகாரிகள் தங்கள் ஆட்களுக்குப் போட்ட மதிப்பெண்களில் உடற்கட்டு, அறிவு, தலைமை, குணம் எல்லாம் ஒன்றோடொன்று அளவுக்கு மீறி ஒத்துப்போயின. ஒன்றில் நல்ல பெயர் எடுத்தவருக்கு மற்றதிலும் தானாகவே கூடுதல் விழுந்திருக்கிறது. நம் ஊரில் அந்த வேலையைச் சரளமான ஆங்கிலம் செய்கிறது.

செய்து காட்டச் சொல்வது இதைவிட எவ்வளவோ மேல். மூன்று எடைச் சீட்டு, ஒரு கால்குலேட்டர், 15 நிமிடம் போதும். முதல் சீட்டில் குலையோடு 14,820 கிலோ, காலி லோரி 6,340 கிலோ. நிகர எடை 8,480 கிலோ, டன்னுக்கு 820 ரிங்கிட் என்று வைத்தால் 6,953.60 ரிங்கிட். இரண்டாவது சீட்டும் இப்படித்தான். மூன்றாவதில் உள்ளே வந்தபோது பதிந்த லோரி நம்பரும் வெளியே போனபோது பதிந்த நம்பரும் ஒரு இலக்கம் மாறியிருக்கும். கவனிக்காமல் கூட்டிக் கழிப்பவர் ஒரு ரகம். கவனித்து, சத்தமில்லாமல் தானே திருத்தி எழுதுபவர் இன்னொரு ரகம், இவர்தான் ஆபத்து. சீட்டில் அடித்துத் திருத்தக்கூடாது, ரத்து செய்துவிட்டுப் புதிது போட வேண்டும் என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளக்கூடிய விதி. ஆனால் கேட்காமல் மாற்றும் கையைப் பழக்கி மாற்றுவது கஷ்டம். ஒரு விஷயம்: சோதனையைப் பழைய சீட்டை வைத்தே நடத்துங்கள். வந்து நிற்கும் லோரியை எடை போட வைத்தால் அது வேலை, கூலி கொடுக்க வேண்டும்.

அப்படியிருந்தும் இதற்கு ஏன் இரண்டாம் இடம்? ஆராய்ச்சிக் கணக்கும் இடம் மாறியிருக்கிறது. தேர்வில் எடுத்த மதிப்பெண் பிறகு வேலையில் காட்டும் திறமையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கான எண் இது; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம். 1998-இல் ஷ்மிட், ஹண்டர் தொகுத்த அலசலில் வேலை மாதிரிச் சோதனைக்கு 0.54, ஒரே கேள்வி முறைக்கு 0.51, சும்மா பேசுவதற்கு 0.38. 2022-இல் சாக்கெட் குழு அந்தக் கணக்கைத் திருத்தியபோது ஒரே கேள்வி முறை 0.42-ஓடு முன்னுக்கு வந்தது. வேலை மாதிரி 0.33, பேச்சு 0.19. எண்ணைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. சீட்டுச் சோதனை கணக்குப் போடும் கையைக் காட்டும். மாலை ஆறு மணிக்கு, வரிசையில் ஐந்து லோரி ஹாரன் அடிக்கும்போது அந்த ஆள் என்ன செய்வார் என்பதைக் காட்டாது.

அதைக் கேள்வியாகத்தான் கேட்க வேண்டும்: "ஒரு டிரைவர் குலையை இறக்கிவிட்டு, காலி எடை போடாமலே போய்விட்டார். பின்னால் ஐந்து லோரி நிற்கிறது. என்ன செய்வீர்கள்?" எந்தப் பதிலுக்கு எத்தனை என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். நேற்றைய காலி எடையை எடுத்துப் போடுவேன் என்றால் 1. டிரைவருக்கு போன் அடித்துத் திரும்ப வரச் சொல்வேன் என்றால் 3. சீட்டை முடிக்காமல் நிறுத்திவைத்து, மேலே தகவல் சொல்லி, புத்தகத்தில் குறித்து, அடுத்த லோரியை ஏற்றுவேன் என்றால் 5. நேற்றைய எடை ஏன் கூடாது? டயரில் சேறு, டாங்கியில் டீசல், தட்டில் ஒட்டிய உதிரிப் பழம், உள்ளே உட்கார்ந்திருக்கும் அட்டெண்டன். இவை சேர்ந்து 150 கிலோ மாறினால், மேலே சொன்ன விலைக்கு ஒரே சீட்டில் 123 ரிங்கிட் போச்சு.

இப்படி ஐந்து கேள்வி போதும், ஆளுக்கு 30 நிமிடம். ஒன்றாவது பழைய அனுபவத்தைக் கேட்பதாக இருக்கட்டும்: கணக்கு இடித்த ஒரு நாளில் என்ன செய்தீர்கள்? எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்து நேராக வந்த பிள்ளைக்கு வேலை அனுபவம் இருக்காது. திருவிழாவில் ரசீதுப் புத்தகம் பிடித்ததைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். "நாங்க பார்த்துக்கிட்டோம்" என்று பதில் வந்தால் "அதுல நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். இந்த ஒரு துணைக்கேள்வியை எல்லாரிடமும் கேட்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

தாள் இருந்தும் பலருக்கு இது பலன் தராததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: மதிப்பெண்ணை எப்போது எழுதுகிறார்கள் என்பது. ஆள் வெளியே போன பிறகு மேனேஜரும் தலைமைக் கிராணியும் "எப்படி, பரவால்லியா?" என்று பேசிவிட்டு ஐந்து கட்டத்தையும் நிரப்பினால், அது பழைய பேச்சுத்தான், கட்டம் போட்ட பேச்சு. ஒவ்வொரு பதில் முடிந்ததும், அடுத்த கேள்விக்கு முன்னால், அவர் சொன்னதில் ஒரு வரியும் ஒரு எண்ணும் எழுத வேண்டும். பேனாவால். இருவரும் ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக்கூடாது. கடைசி ஆள் போன பிறகுதான் இரண்டு தாளையும் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒரே பதிலுக்கு ஒருவர் 2, மற்றவர் 4 போட்டிருந்தால் 3 என்று சமரசம் செய்யாதீர்கள். எழுதிய வரியைப் படியுங்கள். பெரும்பாலும் ஒருவர் பதிலைக் கேட்டிருப்பார், மற்றவர் ஆளைப் பார்த்திருப்பார். எல்லாருக்கும் 3 விழுகிறதென்றால் 1-க்கும் 5-க்கும் எழுதிவைத்த பதில்கள் மழுப்பலாக இருக்கின்றன. ஒரு காலைக்கு ஐந்து பேர் போதும், ஆறாவது ஆளுக்குக் காது அடைத்துவிடும்.

மொழியைத் தனிக் கட்டமாக வையுங்கள். டிரைவரோடு மலாய் பேசத் தெரிய வேண்டும் என்றால் அதற்கு ஒரு மதிப்பெண் போடலாம். மற்ற கேள்விகளுக்குத் தமிழிலோ மலாயிலோ பதில் சொல்லட்டும்.

"எதுக்கு இவ்வளவு? மூணு மாசம் வச்சுப் பார்ப்போம், சரியில்லன்னா அனுப்பிடலாம்" என்பவர்களும் உண்டு. தகுதிகாண் காலத்தில் இருப்பவரையும் தக்க காரணமில்லாமல் அனுப்ப முடியாது. 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில், வேலை போன 60 நாளுக்குள் அவர் முறையிடலாம். நோட்டீஸ் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் எழுதவில்லை என்றால், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வார நோட்டீஸ்.

குலை அறுக்கும் ஆளுக்கும் லோரி டிரைவருக்கும் இந்தத் தாள் தேவைப்படாது. அங்கே அரிவாளும் ஸ்டியரிங்கும்தான் பேசும், இரண்டாவது வழியே சரி. மண்டோர் (வேலையாட்களை மேய்க்கும் கங்காணி) வேலைக்கு அவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். ஆள் நடத்தும் திறமை ஐந்து கேள்வியில் பிடிபடுமா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. அங்கே பழைய தோட்டத்தில் அவர் கீழே பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றவர்கள் இருவரை விசாரிப்பது உதவலாம்.

இந்த முறைக்குப் பராமரிப்புச் செலவு ஒன்று உண்டு: சின்ன ஊர், காலையில் கேட்ட கேள்வி மாலையில் ஒட்டுக்கடைக்கு வந்துவிடும். ஒரே விஷயத்துக்கு மூன்று கேள்வி தயாராக வைத்திருங்கள். காலி எடை போடாத டிரைவர் ஒன்று. பாதியில் கரண்ட் போன தராசு ஒன்று. "போன வாட்டி விட்டீங்களே" என்று கெஞ்சும் சிறுதோட்டக்காரர் ஒன்று. ஒரு சுற்றுக்குள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான், அடுத்த சுற்றில் மாற்றிக்கொள்ளலாம்.