ஹட்டனில் செய்து வாங்கிய சார்ஜர் பெட்டி: மூன்று மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

மஸ்கெலியா–ஹட்டன் பாதையில் டொல்பின் வேன் ஓட்டுகிறேன். காலையில் பள்ளிப் பிள்ளைகள், அப்புறம் கிடைக்கிற ஹயர். முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கேமராவின் சார்ஜர் ஒரே வருடத்தில் இரண்டு போய்விட்டது. இரண்டிலும் ‘12–24 வோல்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

மூன்றாவது வாங்க மனம் வராமல், ஹட்டன் டவுனில் ஒட்டோ இலெக்ட்ரிக்கல் வேலை செய்யும் ஒரு அண்ணனிடம் போனேன். கடைக்குப் பெயர்ப் பலகைகூட இல்லை.

“வேன் பெட்டரி இறங்கி, லொறி பெட்டரியில இருந்து வயர் போட்டு ஜம்ப் எடுத்தேன் அண்ணே, லொறியோட 24 வோல்ட் ஏறித்தான் போயிருக்கும்” என்றேன். அவர் பதில் சொல்லாமல் சார்ஜரை நெம்பித் திறந்தார். ஐசி என்கிற சிப்பின் நடுவில் ஊசியால் குத்தியது போல ஓட்டை. பக்கத்தில் தலை உப்பிய கப்பாசிட்டர், அதன் மேல் 35 வோல்ட் என்று அச்சடித்திருந்தது.

“லொறி எஞ்சின் ஓடினாலும் 28 கிட்டத்தான் வரும். இது 35 தாங்கும். வேற என்ன செஞ்சீங்க தம்பி?”

வேறு செய்தது உண்மைதான். வேன் ஸ்டார்ட் ஆனதும், டைனமோ சார்ஜ் பண்ணுகிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பெட்டரி வயரைக் கழற்றினேன். எனக்கு ஓட்டப் பழக்கிய மாமா அப்படித்தான் பார்ப்பார்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயில் வால்வைச் சட்டென்று மூடினால் குழாயே அதிருமே, அந்தக் கதைதானாம். டைனமோ பெட்டரிக்குள் தள்ளிக்கொண்டிருந்த கரண்டுக்குத் திடீரென்று போக்கிடம் இல்லை. உள்ளே இருக்கும் காந்தம் உடனே அடங்குவதும் இல்லை. 12 வோல்ட் வண்டியில் அந்த அரை வினாடிக்குள் 80, 100 வோல்ட் வரை எகிறலாம். முதல் சார்ஜர் போன நாளில் பெட்டரி டெர்மினல் லூசாக இருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் செய்து தந்தது தீப்பெட்டி இரண்டை அடுக்கிய அளவில் ஒரு பெட்டி. முதலில் பியூஸ், வயர் மாறினால் தடுக்க ஒரு டயோட், அப்புறம் எகிறும் வோல்டை விழுங்கும் தடித்த டிவிஎஸ் டயோட். அது 28 வரை சும்மா இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லொறி ஜம்ப்பில் அதுவே கருகிவிடும் என்றார். அடி விழும்போது அது 45 கிட்டப் பிடித்து நிறுத்துமாம். அதனால் பின்னால் 60 வோல்ட் தாங்கும் ஐசியும் 63 வோல்ட் கப்பாசிட்டரும் போட்டிருக்கிறார். பழைய 35 வோல்ட் சாமானை வைத்திருந்தால் டிவிஎஸ் இருந்தும் பிரயோசனம் இல்லை.

விலை 4,800 ரூபாய். கடைச் சார்ஜர் மூன்று வாங்கலாம், வலித்தது. ‘நாளைக்கு’ என்றவர் ஐந்து நாள் இழுத்தடித்தார், பில்லும் இல்லை. வாரன்டி ஆறு மாதம். ஓடும் எஞ்சினில் வயரைக் கழற்றினால் அதுவும் கிடையாதாம்.

மூன்று மாதத்தில் கேமரா ஒரு தடவைகூட நிற்கவில்லை. இரண்டு முறை லொறி ஜம்ப்பும் வாங்கிவிட்டது. ஒரே குறை ரேடியோ: ஸ்டேஷன் சரியாக எடுக்காத வளைவுகளில் எஃப்எம்மில் ‘ங்ங்’ என்று ஒரு இரைச்சல். பெட்டியை டேஷ்போர்டில் இருந்து சீட்டுக்கு அடியில் மாற்றியதும் பாதி குறைந்தது. மீதிக்கு ஒரு கொயில் போட்டுத் தருகிறேன் என்று போன மாதம் சொன்னார், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.